கன்னத்தை மறைத்த கூந்தல்

மருந்துக்கடைக்கும் சலவைக்கடைக்கும் நடுவில், கண்ணாடிக் கதவு போட்ட பெண்களுக்கான சலூன் ஒன்று இருக்கிறது. பல வருடங்களாக என் தலை அங்கேதான் வெட்டுப்படுகிறது. அதை நடத்துபவரின் இயற்பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. கத்தரி பிடிக்கிற அக்கா, கத்தரி அக்காவாகி, அதுவும் தேய்ந்து 'கத்தரிக்கா' ஆகிவிட்டார். முதலில் முறைத்துப் பார்த்தார். பிறகு, "காயோட நிறுத்திக்கிட்டீங்களே, அந்த மட்டும் சந்தோஷம்" என்று விட்டுவிட்டார்.

அடுத்த வீட்டுக் குழாய் ஒழுகல் முதல் மாமியார் மருமகள் தகராறு வரை எல்லாவற்றுக்கும் அவரிடம் தீர்ப்பு உண்டு. கழுத்தைச் சுற்றித் துணி கட்டி, காதோரம் கத்தரியும் இருக்கும்போது எதிர்த்து வாதாட யாருக்குத்தான் துணிச்சல் வரும்?

அப்படிப்பட்டவரின் விரல்கள் ஒரு நாள் காலையில் மடங்க மறுத்தன. அவர் கத்தரியைக் குறை சொல்லிப் புதிதாக ஒன்று வாங்கினார். அதுவும் சரிப்படாததால் குளிரைக் குறை சொன்னார். விரல் கணுக்கள் வீங்கி, மோதிரம் சோப்பு போட்டும் கழலாமல் போனபோதுதான் கணவரோடு மருத்துவமனைக்குப் போனார். கணவர் பள்ளி வேன் ஓட்டுபவர். நாள் முழுக்கப் பிள்ளைகளின் கூச்சலைக் கேட்பதால் வீட்டில் பேச ஆசைப்படாதவர். ஆசைப்பட்டாலும் இடம் கிடைத்திருக்காது.

"இது முடக்குவாதம்" என்றார் டாக்டரம்மா. "கிருமியை அடிக்க வேண்டிய உடம்போட படை, ஆள் தெரியாம உங்க மூட்டையே போட்டு அடிக்குது."

"என் உடம்புக்கே என்னைத் தெரியலையா!" என்று கத்தரிக்காவுக்கு மனத்தாங்கல்.

மாத்திரைகள் போதவில்லை. நரம்பு வழியாகச் சொட்டுச் சொட்டாக ஏற்றும் மருந்து ஒன்றைச் சேர்ப்பதென்று முடிவாயிற்று. அதற்கு முன்னால் காசநோய் ஒளிந்திருக்கிறதா, ஈரலில் பழைய கிருமி ஏதும் உண்டா என்று ரத்தத்தைச் சோதித்தார்கள். போட வேண்டிய தடுப்பூசிகளையும் போட்டார்கள்.

"மருந்து அந்தப் படையைக் கொஞ்சம் அடக்கி வைக்கும்மா. அதனால காய்ச்சல், இருமல், புண்ணு, எது இருந்தாலும் ஏத்தறதுக்கு முன்னாடி எங்ககிட்ட சொல்லிடணும்."

கத்தரிக்கா பலமாகத் தலையாட்டினார். நாள் முழுக்க ஊரார் தலையை ஆட்டாமல் வைக்கச் சொல்லுகிறவர் அவர். அவர் தலை ஆடினால் அதற்கு அர்த்தம் ஒன்றுமில்லை என்பது டாக்டரம்மாவுக்குத் தெரியாது.

மருந்து நன்றாகவே வேலை செய்தது. சில மாதங்களில் சட்டைப் பித்தானைத் தானே போட்டுக்கொண்டார். முன்முடியைக் கண் இமைக்கும் நேரத்தில் நறுக்கினார். மருந்தின் மேல் அவருக்குப் பக்தியே வந்துவிட்டது. மருந்து ஏற்றும் ஊசி நாள் ஒன்று தள்ளிப்போனால் விரல்கள் பழையபடி மரக்கட்டை ஆகிவிடும் என்று பயந்தார்.

இந்தச் சமயம் பார்த்துக் கடைவாய்ப் பல் ஒன்றில் வலி கிளம்பியது. ஊசி நாளன்று காலையில் இடது கன்னம் பன் மாதிரி உப்பியிருந்தது, உடம்பும் சுட்டது. வேறு யாராவது டாக்டருக்குப் போன் செய்திருப்பார்கள். கத்தரிக்கா சீப்பை எடுத்தார். எப்போதும் பின்னால் வாரும் கூந்தலை வகிடு மாற்றி, இடது கன்னத்தின் மேல் அலை அலையாக இறக்கிவிட்டார். காய்ச்சல் மாத்திரை இரண்டை விழுங்கினார்.

"எப்படி இருக்கேங்க?" என்று கணவரைக் கேட்டார்.

"பாதிதான் தெரியுது" என்றார் அவர்.

மருத்துவமனையில் நர்ஸ் காய்ச்சல் பார்த்தார். இல்லை.

"இந்த வாரம் உடம்புக்கு ஏதாவது படுத்துச்சாக்கா? மாத்திரை ஏதாவது போட்டீங்களா?"

"எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்றார் கத்தரிக்கா, வாயை முழுதாகத் திறக்காமல்.

கணவர் கூரையில் சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "காலைல ரெண்டு போட்டா. காய்ச்சலுக்கு."

கத்தரிக்கா அவரைப் பார்த்த பார்வையை நானாக இருந்தால் தாங்கியிருக்க மாட்டேன். நர்ஸ் சிரிக்காமல் கிட்டே வந்தார். "புது ஸ்டைல் நல்லாத்தான் இருக்கு. யாருக்கா வெட்டிவிட்டது?" என்றபடி கூந்தலை ஒதுக்கினார். கன்னம் வெளியே வந்தது.

டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "உங்க மூட்டை அடிக்கிறதும் அந்தப் படைதான். இப்போ பல்லுல இருக்கிற சீழோட மல்லுக்கட்டுறதும் அதேதான். இன்னிக்குப் போய் அதை அடக்கி வெச்சா, சீழ் ரத்தத்துல கலந்து உயிருக்கே ஆபத்தாகிடலாம். பல்லு சரியாகட்டும். அப்புறம் ஏத்தலாம்."

"விரல் மடங்காமப் போயிடுமே டாக்டர்." சொல்லும்போதே அவர் குரல் உடைந்தது. கேலி பேசிக்கொண்டே போகிற நானும் இந்த இடத்தில் சற்று நிற்கத்தான் வேண்டும். இருபது வயதிலிருந்து அந்தக் கைகளை நம்பியே வாழ்ந்தவர் அவர்.

"வலி கொஞ்சம் கூடும், பாத்துக்கலாம். உங்க பழைய மாத்திரை எதைத் தொடரணும், எதை நிறுத்தணும்னு எழுதித் தரேன். பல் டாக்டர்கிட்டயும் இந்த மருந்தைப் பத்தி மறக்காம சொல்லுங்க."

திரும்பும் வழியில் கத்தரிக்கா வாயே திறக்கவில்லை. தன் வேனில் அப்படியோர் அமைதியை முதன்முதலாக அனுபவித்த கணவர், வேண்டுமென்றே சுற்றுப்பாதையில் ஓட்டினாராம்.

பல்லைப் பிடுங்கினார்கள். புண் ஆறும்வரை கடையில் கத்தரி நாத்தனார் கைக்குப் போனது. கத்தரிக்கா ஓரத்து நாற்காலியில் விரல்களை வெந்நீரில் ஊறப்போட்டபடி வர்ணனை செய்தார். "இன்னும் கொஞ்சம் சாய்ச்சுப் பிடி. ஐயோ, அது காது!"

"அண்ணி, நீங்க வெந்நீரைப் பாருங்க" என்பார் நாத்தனார்.

புண் ஆறிய பிறகு மறுபடி ஊசி நாள் குறித்தார்கள். பாதி மருந்து ஏறியிருக்கும்; அவருக்குத் தொண்டையில் லேசாக ஓர் அரிப்பு, நெஞ்சில் ஓர் இறுக்கம். பழைய கத்தரிக்காவாக இருந்தால் ஏறி முடியட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார். இப்போது கடிக்கப் பல்லும் ஒன்று குறைவு. "சிஸ்டர்! தொண்டை அரிக்குது! நெஞ்சு இறுக்குது!" என்று அவர் போட்ட சத்தத்தில், பக்கத்துப் படுக்கையில் தூங்கியவர் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடத் தயாராகிவிட்டார்.

நர்ஸ் ஓடிவந்து மருந்தை நிறுத்தினார். டாக்டரம்மா வந்து, மருந்து ஒத்துக்கொள்ளாததற்கு மாற்று ஊசி போட்டு, அரிப்பும் இறுக்கமும் முழுக்க அடங்கும்வரை கூடவே இருந்தார். பிறகுதான் மீதியை மிக மெதுவாக ஏற்றினார்கள்.

"ரொம்பக் கத்திட்டேனோ?"

"இப்படித்தான் கத்தணும்" என்றார் டாக்டரம்மா. கணவருக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை என்பது முகத்தில் தெரிந்தது.

விரல்கள் முழுக்கப் பழையபடி ஆகவில்லை. வலது சுட்டுவிரல் சற்று வளைந்தே நின்றுவிட்டது. ஆனால் காலை நேரத்தில் அவர்தான் வெட்டுகிறார். பிற்பகலுக்கு நாத்தனார். கத்தரியைத் திருப்பித் தர அவர் மறுத்துவிட்டதால் பொழுதை இப்படிப் பங்கு போடவேண்டியதாயிற்று. யார் வெட்டு நன்றாக இருக்கிறது என்று இருவரும் வருகிறவர்களைக் கேட்கிறார்கள். நான் மதியம் சரியாகப் பன்னிரண்டு மணிக்குப் போய், முன்பக்கம் ஒருவரிடமும் பின்பக்கம் ஒருவரிடமும் வெட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன்.