கேட்காமல் விட்ட கையெழுத்து

சித்தூர் கோர்ட்டில் ஒரு ஜூனியர் தன் சீனியரை விட்டு வெளியே வந்தால், பார் ரூமில் முதலில் எழும் கேள்வி, "எத்தனை கட்டு தூக்கிக்கினு போறா?" என்பதுதான். கேஸ் கட்டைத்தான் அப்படிச் சொல்வார்கள். சீனியரின் கட்சிக்காரர்களை இழுத்துக்கொண்டு போகிறவளா, வெறுங்கையோடு போகிறவளா என்று அதை வைத்துத்தான் ஆளை எடை போடுவார்கள். தரணி வெளியே வந்த அன்று, யாரும் கேட்பதற்கு முன்னால் அவளே பதில் சொல்லிவிட்டாள். மதிய இடைவேளையில் எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்த இடத்தில் நின்று, "சார் ஆபீஸ் கட்டு ஒண்ணுகூட நான் தொட மாட்டேன்" என்றாள். முதலில் தமிழில் சொன்னாள். எல்லோருக்கும் புரியட்டும் என்று தெலுங்கிலும் சொன்னாள்.

அதைச் சொல்லாமலே வந்திருக்கலாம் என்று இப்போது நினைக்கிறாள்.

புத்தூர்ப் பக்கம் கரும்பு வைக்கும் குடும்பத்தில் பிறந்தவள் தரணி. அந்தக் குடும்பத்தில் கோர்ட் படி ஏறியவர்கள் எல்லாம் வரப்புத் தகராறுக்காக ஏறியவர்கள். கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு ஏறியது அவள் ஒருத்திதான். அண்ணன் தணிகாசலம் பத்தாவதோடு நிறுத்திக்கொண்டு புத்தூரில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்தார். எரிந்துபோன மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களிடம், காயில் எப்போது ஆகும் என்று சொல்வதற்கு முன்னால், "என் தங்கச்சி சித்தூர் கோர்ட்ல வக்கீலு" என்று சொல்லிவிடுவார்.

அவள் சீனியர் சக்ரபாணி, திருமலைக் கோயில் கைங்கரியக் குடும்பத்தில் வந்தவர். சிவில் வழக்கில் அவர் பெயரைச் சொன்னால் எதிர்க்கட்சி வக்கீல் ஒரு தடவை கோட்டைச் சரிசெய்துகொள்வார். நல்ல மனிதர். ஆனால் அந்த ஆபீசுக்கு ஒரு பழக்கம் இருந்தது. கட்சிக்காரர்கள் வாய்தா அன்று கோர்ட்டுக்கு வர வேண்டாம். தேவைப்பட்டால் கூப்பிடுவோம் என்பார்கள். கூப்பிடவே மாட்டார்கள். வருஷக் கணக்காகத் தன் வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியாமல் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுத் திரும்புகிற முகங்களைத் தரணி தினமும் தாண்டிப் போக வேண்டியிருந்தது. எதிரே ஒரு நாற்காலி போட்டு, வந்தவரை உட்கார வைத்து, அவர் வழக்கை அவருக்கே புரியும்படி சொல்கிற ஒரு சின்ன ஆபீஸ் வேண்டும் என்று அவளுக்கு ஆசை வளர்ந்தது அங்கேதான். சாரின் மகன் ராம்ப்ரசாத் ஹைதராபாத்திலிருந்து திரும்பி வந்து, அவள் எழுதித் தயார் செய்த வாதத்தை அவன் எழுந்து நின்று பேச ஆரம்பித்ததும் ஆசை தீர்மானமாயிற்று.

சாரிடம் சொன்னபோது அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "போறவாளைப் பிடிச்சு வெக்கறது எனக்குப் பழக்கமில்லே. நன்னா இரு" என்றார். கோபம் என்று நினைத்துக்கொண்டாள் தரணி. வேறு என்னவாக இருக்கும் என்று அவள் யோசிக்கவில்லை.

திருப்பதி கோர்ட்டுக்கு எதிரில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே அறை கிடைத்தது. போர்டு தெலுங்கில். "கீழே சின்னதா தமிழ்லயும் போடு, நம்ம ஜனம் வந்தா தெரிய வேணாமா" என்று எழுத வைத்தவர் அண்ணன். ஜீவனாம்சம், விபத்து நஷ்டஈடு, பென்ஷன் என்று சின்னச் சின்ன வழக்குகள் வந்தன. வந்தவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். தரணி நினைத்தபடியேதான் எல்லாம் நடந்தது, ரத்தினம்மா வருகிற வரைக்கும்.

ரத்தினம்மா சித்தூர்-புத்தூர் ரோட்டோரக் கிராமத்துக்காரி, புருஷனை இழந்தவள். புருஷன் வைத்த மாந்தோப்பைக் கொழுந்தன் மகன் அருள்குமார் தன் பாகம் என்றான். வழக்கு சக்ரபாணி ஆபீசில் இருந்தது. ஆனால் மனு எழுதியது தரணி. மரத்தை யாரும் தொடக் கூடாது என்று ஸ்டே வாங்கியதும் தரணி. அந்த அம்மாள் மடியில் பையை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"லாயரம்மா, நீ இங்க வந்துட்ட. அங்க இருக்கிற சாரு புள்ளைக்கு என் தோப்பு ரோட்டுக்கு எந்தப் பக்கம்னுகூடத் தெரியல. நீயே பாரு."

"வக்காலத்து சார் பேர்ல இருக்குதும்மா. அவரு சம்மதம்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தாத்தான் நான் நிக்க முடியும்."

"அப்ப கேளு."

"அது முறை இல்லைம்மா. நான் அவரு ஆபீஸ்ல இருந்து வந்தவ."

"இன்னா முறை? அவரும் உனுக்குத் தெரிஞ்சவரு, நானும் தெரிஞ்சவ. வாயத் தொறந்து கேக்கறதுக்கு இன்னாவாம்?"

தரணிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் மனசுக்குள் பார் ரூம்தான் தெரிந்தது. தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்து, முதல் கட்டையே தொட்டாள் என்று பேசுவார்கள். "சார் ஆபீசுக்கே போங்க. நல்லாப் பாத்துக்குவாங்க" என்று சொல்லி, பஸ் ஏற்றி அனுப்பினாள். சீனியருக்கு மரியாதை செய்துவிட்டதாக அன்றைக்கு அவளுக்கு ஒரு நிறைவுகூட இருந்தது.

ரத்தினம்மா சித்தூர் போனாள். அங்கே குமாஸ்தா கோவர்த்தனன் அவளை வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "திருப்பதி மேடத்தைப் பாத்துட்டு வந்தியாமே? பரவால்ல, அங்கியே இரு. அவங்க கையெழுத்து கேட்டு வருவாங்க. கட்டு தனியா எடுத்து வெச்சாச்சி, போ." குத்தலாகச் சொன்னாரோ, நிஜமாகவே சொன்னாரோ, ரத்தினம்மாவுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. படித்தவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள் என்று ஊர் திரும்பினாள். வாய்தா அன்று கோர்ட்டுக்கு வரவும் இல்லை. வர வேண்டாம் என்றுதானே அவளைப் பழக்கியிருந்தார்கள்.

வழக்கைக் கூப்பிட்டபோது வாதி தரப்பில் யாரும் எழுந்து நிற்கவில்லை.

அடுத்த வாரம் தணிகாசலத்திடமிருந்து போன் வந்தது. தோப்புக்குப் பக்கத்து நிலத்தில் போர்வெல் மோட்டார் தூக்கிக்கொண்டிருந்தார்.

"தரணி, உன் ரத்தினம்மா தோப்புல மரம் அறுத்துக்கினு இருக்காங்க."

"அதுக்கு ஸ்டே இருக்குதுண்ணா. யாரும் தொட முடியாது."

"தொட முடியாதுன்னு நீ சொல்ற. நான் பாத்துக்கினு நிக்கிறேன். டிராக்டர்ல ஏத்தறாங்க. சத்தம் கேக்குதா?"

கேட்டது. தரணி செல்போனில் வழக்கு எண்ணைப் போட்டுப் பார்த்தாள். ஆஜராகாததால் தள்ளுபடி என்று வந்தது. வழக்கு போனால் ஸ்டேயும் போய்விடும். அருள்குமார் அதற்காகவே காத்திருந்திருக்கிறான்.

கையிலிருந்த வேலையை விட்டுவிட்டுச் சித்தூருக்குப் போனாள். சக்ரபாணி ஆபீசில் தனியாக இருந்தார். அவள் சொன்னதை முழுதும் கேட்டார்.

"நீ எடுத்துப்பேன்னு நெனச்சேன்" என்றார்.

"நான் திருப்பி அனுப்பிட்டேன் சார். உங்க கட்டைத் தொடக் கூடாதுன்னு."

"யாரு சொன்னா தொடக் கூடாதுன்னு? நீ வந்து கேப்பேன்னு இருந்தேன். என்னண்டை ஒரு வார்த்தை கேட்டிருக்கப்படாதோ?"

நீங்கள் ஒரு போன் செய்திருக்கலாமே என்று தரணிக்கு நாக்கு நுனி வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்தாள். அதே கேள்வியை அவரே தனக்குள் கேட்டுக்கொண்டிருப்பது தெரிந்ததால் விழுங்கிக்கொண்டாள்.

வழக்கை மறுபடி எடுக்கச் சொல்லும் மனுவைத் தன் பழைய மேசையிலேயே உட்கார்ந்து எழுதினாள். ஏன் ஆஜராகவில்லை என்று அதில் காரணம் சொல்ல வேண்டும். காய்ச்சல், பஸ் லேட்டு என்று வழக்கமாக எழுதுகிற காரணங்கள் உண்டு. தரணி நடந்ததையே எழுதினாள்: தானும் சக்ரபாணியும் ஒருவர் பார்ப்பார் என்று மற்றவர் இருந்துவிட்டதாகவும், வாதியின் மேல் தவறில்லை என்றும். சார் படித்துப் பார்த்தார். "உன் பேரை ஏன் முன்னால எழுதியிருக்கே? வக்காலத்து என்னோடதுதானே? என் பேரை முன்னால போடு" என்றார். அந்தத் திருத்தத்தை அவரே தன் கையால் செய்தார்.

நீதிபதி வழக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டார். எதிர்க்கட்சி வக்கீல் பெரிதாக ஆட்சேபிக்கவில்லை. ஆட்சேபிக்க என்ன இருக்கிறது? மரம் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது.

செய்தியைச் சொல்லத் தரணி தோப்புக்கே போனாள். அண்ணன் வண்டியில் கொண்டுபோய் விட்டார். நிழல் இல்லாத அந்த இடத்தில் வெயில் நேராகத் தலையில் இறங்கியது. வெட்டிய அடிமரங்களில் பிசின் வடிந்து காய்ந்திருந்தது. ரத்தினம்மா ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தாள்.

"கேஸு மறுபடி வந்துடுச்சும்மா. ஸ்டேயும் வந்துடும். நஷ்டஈடும் கேக்கலாம்."

"வரட்டும்." அடிமரத்துப் பிசினை நகத்தால் சுரண்டினாள். "ஒண்ணு கேக்கறேன் லாயரம்மா. நீ அவருக்கு மரியாதை குடுத்த. அவரு உனக்கு மரியாதை குடுத்தாரு. உங்க ரெண்டு பேரு மரியாதைக்கு என் மரந்தான் கெடச்சிதா?"

தணிகாசலம் வாய் திறக்கப் பார்த்தார். தங்கச்சியை யாராவது ஒரு சொல் சொன்னால் அவருக்குத் தாங்காது. தரணி வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

"இனிமே நானே நிக்கிறேன்மா. சார்கிட்ட இன்னைக்கே கேட்டு வாங்கிடறேன்."

"நீயும் வாணாம், அவரும் வாணாம். சித்தூர்லயே பவ்யான்னு ஒரு பொண்ணு இருக்குதாம். அதுகிட்ட குடுக்கப் போறேன். உங்க ஐயா கையெழுத்து வேணும்னுது. நான் போனா அந்த கோவர்த்தனன் கத்துவான். நீ கூட வா. அது ஒண்ணு செய்."

சரி என்றாள் தரணி.

மறுநாள் ரத்தினம்மாவோடு அந்த ஆபீஸ் படி ஏறினாள். பவ்யா கொடுத்தனுப்பிய புது வக்காலத்தைச் சாரின் முன் வைத்து, "சார், சம்மதக் கையெழுத்து வேணும்" என்றாள். அவர் யாருக்கு என்று கேட்கவில்லை. பேனாவைத் திறந்து போட்டுக் கொடுத்தார். ரத்தினம்மா நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்வதற்குள் காரியம் முடிந்துவிட்டது.

"இம்மாந்தானா?" என்று கேட்டாள் ரத்தினம்மா.