மேல் எல்லையில் செருப்பு இல்லை

டோலிக்குள் என் தங்கச்சி. அவள் புருஷன், எனக்கு மச்சான். என் சித்தப்பா. மேல் வீட்டுக்காரர். நான். பின்னால் அரிக்கேன் விளக்கோடு மருத்துவச்சி. எங்கள் ஊர் வெள்ளகவியிலிருந்து அன்று மலை ஏறியது இவ்வளவு பேர்தான்.

ஐம்பதுகளின் கடைசி. மார்கழி மாதம். தங்கச்சிக்குத் தலைப்பிரசவம். முந்தின நாளே வலி எடுத்துவிட்டது. பிள்ளை குறுக்கே கிடந்தது. மருத்துவச்சி வயிற்றைத் தடவிப் பார்த்தார்.

"இது என் கையில இல்ல. கொடைக்கானலுக்குத் தூக்குங்க, வெரசா."

விடிய இன்னும் வெகு நேரம் இருந்தது. மூங்கிலில் கம்பளியைக் கட்டி அவளைப் படுக்க வைத்தோம். இரண்டு பேர் தூக்க, இரண்டு பேர் மாற்று.

எங்கள் ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. ஊரே சாமி இருக்கிற இடம். எல்லையில் கழற்றிவிட வேண்டும். எல்லை இரண்டு. பெரியகுளத்துக்கு இறங்குகிற பாதையில் ஒன்று, கொடைக்கானலுக்கு ஏறுகிற பாதையில் ஒன்று. அதற்கு முந்தின சந்தைக்கு நாங்கள் நாலு பேரும் காப்பிக்கொட்டை சுமந்து பெரியகுளம் போய் வந்திருந்தோம். அதனால் எல்லாருடைய செருப்பும் கீழ் எல்லையில் பலா மரத்தடியில் இருந்தது. டோலியோடு மேல் எல்லைக்கு வந்த பிறகுதான் கால் ஞாபகம் வந்தது.

"ஏலே, செருப்பு கீழ் எல்லையில கெடக்கு," என்றார் சித்தப்பா.

"ஊரைத் தாண்டிப் போயி எடுத்தாரணும். அதுக்குள்ள இவ..." மச்சான் முடிக்கவில்லை.

"வெறுங்கால் நமக்கு என்ன புதுசா? நடங்கப்பா," என்றார் மேல் வீட்டுக்காரர்.

நடந்தோம்.

மோட்டார் ரோடு வருவதற்கு முன்னால் வெள்ளைக்கார துரைமார் இந்தப் பாதையில்தான் நாற்காலியில் உட்கார்ந்து ஏறினார்களாம். எங்கள் தாத்தாவும் தூக்கியிருக்கிறார். ரோடு வந்த பிறகு பாதை எங்களுக்கு மட்டும் ஆயிற்று. ஊரை ஒட்டி ஆரஞ்சு, காப்பி, வாழை. அதற்கு மேல் சோலை. மரமெல்லாம் பாசி. உள்ளே ஈரம் உண்டு, காற்று கிடையாது. சோலை முடிந்தால் புல் மேடு. அங்கே குளிர் வேறு.

அது எங்களுக்குத் தெரியும். ஆனாலும் தெரியாது. எப்போதும் கஞ்சி குடித்துவிட்டுத்தான் சுமையோடு கிளம்புவோம். மேலே போய்ச் சேரும்போது வெயில் வந்திருக்கும். மார்கழியில் விடிகிற நேரத்தில் அந்தப் புல் மேட்டை நாங்கள் யாரும் மிதித்ததில்லை.

சோலையை விட்டு வெளியே வந்தோம். தரை வெள்ளையாக இருந்தது. புல் முறிகிற சத்தம் கேட்டது. முதலில் கால் எரிந்தது. பிறகு எரியவும் இல்லை. கால் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டு நடந்தேன். முன்னால் தூக்கிய மச்சான் சறுக்கி முட்டி போட்டான். டோலி ஒரு பக்கம் சாய்ந்தது. தங்கச்சி கத்தினாள்.

இறக்கி வைத்தோம்.

"வெயில் வரட்டும். பனி உருகிரும்," என்றார் சித்தப்பா.

"வெயிலு வரும். இவ இருக்கணுமே," என்றார் மருத்துவச்சி. "தோள்ல என்னய்யா அது?"

மூங்கில் அழுத்தாமல் இருக்க எல்லாரும் தோளில் சாக்கு மடித்துப் போட்டிருந்தோம்.

"அதைக் கிழிச்சுக் காலுல கட்டுங்க."

"தோளு உரிஞ்சு போகும்," என்றார் மேல் வீட்டுக்காரர்.

"பிள்ளையா பெறப் போற? உரியட்டும். கட்டுய்யா."

கட்டிக்கொண்டோம். அதற்குப் பிறகு யாரும் சறுக்கவில்லை. தங்கச்சி கத்துவது குறைந்தது. அதுதான் பயமாக இருந்தது. மச்சான் மாற்று ஆளுக்கு மூங்கிலைக் கொடுக்கவே இல்லை. சட்டையில் ரத்தம் ஊறியிருந்தது. கேட்டால், "வலிக்கல," என்றான்.

ஆஸ்பத்திரியில் அவளை உடனே உள்ளே கொண்டுபோனார்கள். நாங்கள் வெளியே சுவரோரம் வெயிலில் உட்கார்ந்தோம். காலுக்கு உயிர் வந்தபோதுதான் வலித்தது. சித்தப்பா அழுதார். கால் வலி என்று சொன்னார்.

வயிற்றை அறுத்து எடுத்தார்கள். பெண் பிள்ளை. அழ நேரமாயிற்று, பிறகு அழுதது. தாயும் பிழைத்தாள்.

மருத்துவச்சி அங்கேயே துணைக்கு இருந்துகொண்டார். மறுநாள் வெயில் ஏறிய பிறகு நாங்கள் நாலு பேரும் இறங்கினோம். காலில் சாக்கு அப்படியே இருந்தது. மேல் எல்லை வந்ததும் மச்சான் குனிந்து முடிச்சை அவிழ்த்தான்.

"ஏலே, சாக்கு செருப்பாடா?" என்றேன்.

"காலுல கட்டுனா செருப்புதான் மச்சான். எதுக்கு வம்பு? பிள்ளையக் குடுத்திருக்கு சாமி."

சித்தப்பாவும் அவருடையதை அவிழ்த்தார். எல்லாரும் அவிழ்த்தோம். எல்லைக் கல்லுக்குப் பின்னால் போட்டுவிட்டு வெறுங்காலோடு ஊருக்குள் போனோம்.

அடுத்த சந்தையில் டயர் செருப்பு வாங்கினோம். அதை மேல் எல்லையிலேயே விட்டுவிட்டோம். பழையது கீழ் எல்லையில், அதன் இடத்தில். எங்களைப் பார்த்து ஊரில் மற்றவர்களும் அப்படியே செய்தார்கள்.

ஆளுக்கு நாலு செருப்பு.