கறுவாத்துறைக்கு வரைபடம் போட்டவர்

"சார், உங்களுக்குத் தெரியுமா? பினாங்குல திருடனுங்களுக்கு பிளான் போட்டுக் குடுத்த ஆளு ஒருத்தர் இருந்தாராம். எந்த வீட்டுப் பின்கதவு எங்க தொறக்குது, எந்த லோங்காங்ல எறங்கி ஓடலாம், எல்லாத்தையும் தாள்ல கோடு போட்டே குடுப்பாராம். நம்ம யாழ்ப்பாணத்து ஆளுதானாம். கடைசில லோரோங்கே சேந்து வெரட்டி விட்டுருச்சாம்லா."

சிங்கப்பூரில் ஒரு கல்யாணப் பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் இருந்த லெட்சுமி இப்படிச் சொன்னார். 1994ஆம் ஆண்டு, மார்ச் மாதம். பினாங்கின் கெலுகோர் பல்கலைக்கழகத்தில் நான் விரிவுரையாளராக இருந்த காலத்தில் எங்கள் பகுதியில் தட்டச்சராக இருந்தவர். அவரும் நேரில் கண்டதில்லை. பாகான் டாலாமில் இருக்கும் அவருடைய நாத்தனாருக்கு யாரோ சொன்னதாம்.

"யாராம் அந்த ஆள்?" என்று கேட்டேன். தெரிந்துகொண்டே கேட்டேன்.

"பேரு என்னமோ... விநாயகமோ விநாசியோ."

இலையில் பாயசம் ஊற்றிக்கொண்டு வந்தார்கள். நான் வேண்டாம் என்று கை காட்டினேன்.

அவர் பெயர் விநாசித்தம்பி. திருடர்களுக்கு அவர் ஒரு கோடும் போட்டுக் கொடுத்ததில்லை. எனக்குத்தான் போட்டுக் கொடுத்தார்.

தைப்பிங்கில் ரயில்வே கிளார்க் ஒருவரின் நாலாவது மகனாகப் பிறந்தவர். அண்ணன்மார் மூவரும் உத்தியோகம் என்று சொல்லிக்கொள்ளத்தக்க உத்தியோகம் பார்த்தார்கள். இவர் ஜார்ஜ் டவுனில் வடிகால் பிளான் வரையும் வேலையில் சேர்ந்து, இருபத்தெட்டு வருடம் அதே மேசையில் இருந்தார். "அண்ணன்மாரு மூணு பேரும் மனுசங்களப் பாக்கறாங்க. நான் அவங்க கழுவி ஊத்துற தண்ணியப் பாக்கறேன்" என்பார். மழை விட்டதும் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போவார். மழை விட்ட பிறகு குடை எதற்கு என்று புதிதாகப் பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். அந்தக் குடைக் கம்பியில் அங்குலம் அங்குலமாகக் கீறி வைத்திருந்தார். அதை லோங்காங்கில், அதாவது தெருவோரச் சாக்கடையில், இறக்கித் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்துச் சட்டைப்பையிலிருக்கும் நோட்டில் எழுதுவார். ஒருவரும் கேட்காத கணக்கு அது.

1978இல் மூன்று வருட ஒப்பந்தத்தில் நான் பினாங்குக்கு வந்தபோது, சூலியா தெருவுக்குப் பின்னால் லோரோங் என்னும் சந்து ஒன்றில் இருந்த அவர் வீட்டு மேல்மாடியில்தான் ஓர் அறை எடுத்தேன். அந்தச் சந்தின் பெயரை இப்போதும் எழுதமாட்டேன். ஒருதடவை எழுதியது போதும். பிறகு கெலுகோருக்குக் குடிபெயர்ந்த பின்னும் சனிக்கிழமை பின்னேரங்களில் அங்கே போவேன். அவருடைய மனைவி செல்வநாயகி அக்கா தேத்தண்ணீர் போட்டு வைத்திருப்பார்.

சந்தில் பெரும்பாலும் தமிழ் முஸ்லிம் குடும்பங்கள். வளைவில் இருந்தது சித்தி ஹாஜராவின் வீடு. கணவரை இழந்தவர். வீட்டிலேயே மசாலா அரைத்துச் சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுத்துத் தன் மகள் சலேஹாவை வளர்த்தவர். பின்கதவில் விடியற்காலையில் மூட்டைகள் இறங்கும். மல்லி, மிளகாய், சோம்பு. தும்மாமல் அந்த வளைவைக் கடக்க ஏலாது.

எனக்கு எப்போதும் பயம். ஒப்பந்தம் முடிந்தால் பெர்மிட் முடியும், பெர்மிட் முடிந்தால் ஊருக்குப் போகவேண்டும், யாழ்ப்பாணம் இருந்த நிலையில் அங்கே போய் என்ன செய்வது? அந்தப் பயத்தை மறக்கத்தான் இரவல் பெயரில் ஒரு தமிழ் வாரப் பத்திரிகைக்குத் தொடர்கதை எழுதினேன். ஒப்பந்தப்படி வெளியே ஒரு வேலையும் பார்க்கக் கூடாது. நான்தான் எழுதுகிறேன் என்பது பத்திரிகை ஆசிரியருக்கும் விநாசித்தம்பி அண்ணர் வீட்டாருக்கும் மட்டும் தெரியும்.

கதை நடக்கும் நகரத்துக்குக் கறுவாத்துறை என்று பெயர் வைத்தேன். குற்றத்தில் பிறந்து குற்றத்தில் பிழைக்கும் துறைமுகம். அணைகட்ட அறுபது கைதிகளை ஏற்றிவந்த கப்பல் கரையிலேயே எரிந்துபோனது. திரும்பப் போகக் கப்பல் இல்லாததால் காவலரும் கைதிகளும் அங்கேயே குடியேறினார்கள். பத்து வருடத்தில் யார் காவலர், யார் கைதி என்பது அவர்களுக்கே மறந்துபோயிற்று. முதல் சிறைச்சாலையைக் கட்டிய கொத்தனாரே அதன் முதல் கைதி. சுவரில் எந்தக் கல் ஆடும் என்பது அவருக்குத் தெரிந்ததால் அவரே முதலில் தப்பியவரும். இதெல்லாம் நான் உண்டாக்கிய சரித்திரம். பூமிசாஸ்திரம் விநாசித்தம்பி அண்ணருடையது.

"மாஸ்டர், உங்க ஊருல லோங்காங்கே இல்லையே" என்றார் முதல் அத்தியாயத்தைப் படித்துவிட்டு.

"கதைக்கு அது எதுக்கு அண்ணே?"

"திருடன் எங்கிட்டு ஓடுவான்? ரோட்டுலயா? ரோட்டுல ஓடுறவன் திருடன் இல்ல, பஸ்ஸ விட்டவன்."

உள்ளேயிருந்து செல்வநாயகி அக்காவின் குரல் வந்தது: "பென்சன் வாங்குற வயசுல திருட்டுக்கு ரூட்டு போடுறாரு பாருங்க!"

அண்ணர் கறுவாத்துறைக்கு மூன்று கால்வாய் வெட்டினார். கிழக்கே கப்பல்துறை, மேற்கே சேற்றுக்காடு, நடுவே கால்வாய்கள். கடல் ஏறும்போது கால்வாய்த் தண்ணீர் ஊருக்குள் திரும்பும். அதனால் கறுவாத்துறைத் திருடர்கள் கடிகாரம் பார்ப்பதில்லை, கடலைப் பார்ப்பார்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு கால்வாய், ஒவ்வொரு கால்வாய்க்கும் ஒரு வேளை. வாசகர்களுக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. கடிதங்கள் வந்தன. ஆசிரியர் துள்ளினார்: அடுத்த வாரம் நகரத்தின் வரைபடம் போடுவோம், புதன்கிழமைக்குள் வேண்டும்.

ஊரை முழுக்கப் புதிதாக வரைய அண்ணருக்கு நேரமில்லை. பெரிய தாளில் துறைமுகத்தையும் கால்வாய்களையும் வரைந்துவிட்டார். நடுவில் ஒரு குடியிருப்பு வெறுமையாக நின்றது. எங்கள் சந்தின் வடிகாலை எப்போதோ டிரேசிங் தாளில் எடுத்து வைத்திருந்தார். அதை எடுத்து மேசையில் விரித்து, அப்படியே குப்புறப் புரட்டினார். இடம் வலமாயிற்று, வலம் இடமாயிற்று.

"பாத்தீங்களா, பொரட்டிப் போட்டா புது ஊரு" என்று சிரித்தார். பிறகு கொஞ்சம் யோசித்தார். "கோடு மட்டுந்தான் போடுறேன் மாஸ்டர். வீடு ஒண்ணையும் குறிக்கல. ஆளுங்க குடியிருக்கற எடம்."

வழக்கம்போல மூலையில் சின்னக் கட்டம் போட்டு, 'வரைந்தது: வி.த.' என்று எழுதினார். பொய்யூருக்கு எதற்குக் கையெழுத்து என்று கேட்டேன். "கையெழுத்து இல்லாத பிளான் எங்க ஆபீஸ்ல செல்லாது. மூலையில யாரு பேரோ, தாள்ல இருக்கற எல்லாத்துக்கும் அவன்தான் பொறுப்பு. மழையில ஊரு முழுகினா அந்தப் பேரத்தான் தேடுவாங்க."

தாளைக் கெலுகோருக்குக் கொண்டுபோனேன். செவ்வாய்க்கிழமை, அனுப்புவதற்கு முன், வரைபடம் வெறுமையாக இருப்பதாக எனக்குத் தோன்றியது. கதையில் கள்ளச்சரக்கு இறங்கும் வீடு ஒன்று வருகிறது. பேனாவை எடுத்து வளைவில் ஒரு பெருக்கல் குறி போட்டு, 'கறுத்த விதவையின் கிடங்கு' என்று எழுதினேன். பின்கதவு, விடியலில் இறங்கும் மூட்டை, தனித்த பெண். நான் கற்பனை செய்வதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இதை எத்தனையோ தடவை எனக்கே சொல்லிப் பார்த்துவிட்டேன். எழுதும்போது மூக்கில் மிளகாய் நெடி வந்ததா இல்லையா என்று மட்டும் நான் என்னைக் கேட்பதில்லை.

பத்திரிகை வந்த வெள்ளிக்கிழமை சந்து முனை சலூனில் நடந்ததைப் பிறகு பலர் எனக்குச் சொன்னார்கள். தொடரைச் சத்தமாக வாசிப்பவர் முகம்மது கனி என்ற கப்பல் சரக்குக் கணக்கர். நாற்காலியில் ஒருவர் முகமெல்லாம் நுரையோடு சவரத்துக்குச் சாய்ந்திருந்தார். தலையைத் திருப்ப முடியாததால், "எனக்கும் காட்டுப்பா கறுவாத்துறைய" என்றார். கனி பின்னால் நின்றபடியே பக்கத்தை உயர்த்திக் கண்ணாடிக்குக் காட்டினார். நுரைக்காரர் கண்ணாடியில் பார்த்தார். புரட்டிப் போட்டது அங்கே மறுபடி புரண்டு நின்றது.

"அடேய், இது நம்ம லோரோங்குடா! இந்தா சலூன், இந்தா பைப்படி, இந்தா வளைவு..."

வளைவில் பெருக்கல் குறி இருந்தது.

மறுநாள் சனிக்கிழமை. நான் மேல்மாடியில் அண்ணரோடு தேத்தண்ணீர்க் கோப்பையும் கையுமாக இருந்தேன். படிக்கட்டில் கால்சத்தம். ஹாஜரா அக்கா. கையில் பத்திரிகை. மசாலா பட்ட விரல்களின் மஞ்சள் அந்தப் பக்கத்தில் ஒட்டியிருந்தது.

"அண்ணே, இது நீங்க வரைஞ்சதா?"

விநாசித்தம்பி அண்ணர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாங்கிப் பார்த்தார். அச்சில் வந்ததை அவர் அப்போதுதான் பார்க்கிறார். வளைவுக்கு வந்ததும் அவர் விரல் நின்றது. என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. ஒரு பிளானில் அளவு தப்பியிருந்தால் எப்படிப் பார்ப்பாரோ அப்படி.

"காலையில பயலுங்க கதவத் தட்டி, சரக்கு இருக்கான்னு கேக்கறானுங்கண்ணே. அடுத்த மாசம் பட்டர்வொர்த்துலேர்ந்து சலேஹாவப் பரிசம் போட வராங்க. அவங்க வீட்டுலயும் இந்தப் புக்கு வாங்குவாங்க. நான் என்னண்ணே பண்ணேன் உங்களுக்கு? நோம்பு வந்தா முதல் கஞ்சி ஒங்க வீட்டுக்குத்தானே குடுத்து விடுறேன்?"

நான் வாயைத் திறந்திருக்கலாம். 'குறி போட்டது நான்' என்று மூன்று சொல். அவை வெளியே போனால் சந்து முழுக்கப் போகும், பல்கலைக்கழகத்துக்குப் போகும், ஒப்பந்தம் போகும், பெர்மிட் போகும். என் கையில் கோப்பை. ஒரு வாய் குடித்தேன். அந்த நேரத்தில் நான் தேத்தண்ணீர் குடித்தேன்.

"மூலையில இருக்கறது எம்பேருதான் ஹாஜரா" என்றார் அவர். "தாள்ல இருக்கறதுக்கு நாந்தான் பொறுப்பு. மன்னிச்சுக்கம்மா."

ஹாஜரா அக்கா பத்திரிகையைத் திருப்பி வாங்கவில்லை. வந்த படியிலேயே இறங்கிப் போனார். செல்வநாயகி அக்கா கதவு நிலையில் நின்று என்னைப் பார்த்தபடியே இருந்தார். அக்காவுக்கு என் கையெழுத்துத் தெரியும். அத்தனை அத்தியாயங்களையும் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் எழுதியிருந்தேன்.

பரிசம் போட யாரும் வரவில்லை. "பிறகு பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பினார்கள். சலூனில் விநாசித்தம்பி அண்ணருக்கு நாற்காலி காலியாகவே இல்லாமல் போனது. மழை விட்டு அவர் குடையோடு இறங்கினால், "யாரு வீட்டுக்கு இன்னிக்கு அளவெடுக்கறாரு?" என்று ஜன்னலிலிருந்து குரல் வரும். நாலு மாதம் பொறுத்தார். ஓய்வு வயதுக்கு ஒரு வருடம் இருக்கும்போதே வேலையை எழுதிக்கொடுத்துவிட்டு, அக்கரையில் தாசேக் கெலுகோர் என்ற இன்னோர் ஊரில், ரப்பர்க் காட்டோரம் ஒரு வீட்டுக்குப் போய்விட்டார். சாமான் ஏற்றிய லாரியில் கடைசியாக ஏறியது அந்தக் குடை.

கிளம்பும் முன் என்னிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "பெர்மிட்டு கெடைச்சுருச்சா மாஸ்டர்?"

"கிடைச்சிட்டுது அண்ணே."

"அப்ப சரி."

அந்த 'சரி'யை வைத்துக்கொண்டு பதின்மூன்று வருடம் ஓட்டினேன். 1984இல் சிங்கப்பூர் வந்தேன். தொடர் புத்தகமானபோது வரைபடத்தை நீக்கச் சொன்னேன். காரணம் கேட்டவர்களுக்கு அச்சுச் செலவு என்றேன். தாசேக் கெலுகோருக்கு நான் ஒருதடவைகூடப் போகவில்லை.

நான் கதைக்காமல் இருந்த அந்த ஒரு நிமிடம் பினாங்கில் நின்றுவிடவில்லை. வாய் வாயாக வளர்ந்து, கதைக்கு வரைந்தவர் திருடனுக்கு வரைந்தவர் ஆகி, கடல் தாண்டி என் இலைக்கே வந்துவிட்டது.

கல்யாண வீட்டிலிருந்து வந்தபின் ஒரு வாரம் எழுதிப் பார்த்தேன். முதலில் ஆங்கிலத்தில். ஆங்கிலத்தில் எழுதும்போது ஏதோ நடந்துவிட்டது, யாரும் செய்யவில்லை என்பதுபோல வாக்கியம் தானாகவே அமைந்துவிடுகிறது. தமிழில் எழுதினேன். 'நான் போட்டேன்' என்று வந்தது. அந்தத் தாளை வைத்துக்கொண்டு, லெட்சுமி தேடித் தந்த தொலைபேசி எண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமை பகல் பேசினேன்.

செல்வநாயகி அக்கா எடுத்தார். என் குரலை உடனே அறிந்துகொண்டார்.

"அவரு வெளிய நிக்கறாரு. இப்பக் காது சரியாக் கேக்கறதில்ல. மழை பேஞ்சுச்சு, அளவெடுக்கப் போயிட்டாரு."

தாளைப் பார்த்து வாசிக்கத் தொடங்கினேன். மூன்றாவது வரியில் நிறுத்தினார்.

"தம்பி, இத எதுக்கு எங்களுக்குச் சொல்றீங்க? எங்களுக்குத் தெரியாததா? தெரியாதவங்களுக்குச் சொல்லுங்க. ஹாஜரா இன்னும் அதே வீட்டுலதான் இருக்கா. நம்பரு காலண்டர்ல எழுதி வச்சிருக்கேன். ஒவ்வொரு வருசமும் புதுக் காலண்டர்ல மாத்தி எழுதறேன், நீங்க ஒரு நாள் கேப்பீங்கன்னு. பேனா இருக்கா?"

அக்கா ஒவ்வோர் இலக்கமாகச் சொன்னார். தாளின் மூலையில் எழுதிக்கொண்டேன். சலேஹாவுக்குப் பிறகு கல்யாணம் ஆனதா என்று கேட்க வாய் வரவில்லை. அவரும் சொல்லவில்லை.

வைத்துவிட்டு, கை ஆறுவதற்கு முன் அடுத்த எண்ணைச் சுழற்றினேன். ஆறினால் நாளைக்கு என்று ஆகிவிடும். என்னை எனக்குத் தெரியும்.

இப்போது அந்த வளைவு வீட்டில் மணி அடிக்கிறது. பகல் இரண்டரை. மசாலா காயப்போட்டிருக்கும் நேரம். கையைத் துடைத்துக்கொண்டு வரவேண்டும், அதற்குக் கொஞ்சம் ஆகும். எண்ணுகிறேன்: பதினாறு, பதினேழு. நான் யார் என்று கேட்டால் முதலில் என் பெயர், பிறகு அந்த இரவல் பெயர், பிறகு குறி. இருபத்தொன்று. மணி அடித்துக்கொண்டிருக்கிறது. நான் வைக்கவில்லை.