மாமாவின் நாடியில் ஓடிய மணிக்கூடு

கடலுக்கடியில் இருநூறு மீற்றர் ஆழத்திலும் ஓடும் என்று பெயர் வாங்கிய கைமணிக்கூட்டை என் மாமா ஒருநாளும் நனையவிட்டதில்லை. மழை தூறினால் இடக்கையைச் சட்டைக்குள் விட்டுக்கொள்வார். சாப்பிட்டுக் கழுவும்போது அந்தக் கை மட்டும், விடை தெரிந்த பிள்ளையின் கை போல, உயரத் தூக்கியபடி நிற்கும்.

மாமா அம்மாவின் தம்பி. அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர் அவர் ஒருவர்தான். எங்கள் வீட்டில்தான் இருந்தார். திருகோணமலைத் துறைமுகத்தில், பெரிய கப்பல்களை இழுத்து வரும் படகில் அவருக்கு வேலை. வெளிநாட்டுச் சாமான் கடைகளில் மருந்துக்கும் கிடைக்காத எழுபதுகளின் தொடக்கம் அது. கரையில் தங்கியிருந்த கப்பல் அதிகாரி ஒருவர் ஊர் திரும்பும்போது அந்த மணிக்கூட்டைக் கழற்றி மாமாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஏன் கொடுத்தார் என்பதற்கு மாமாவிடம் மூன்று கதைகள் இருந்தன. மூன்றிலும் மாமாதான் வீரர்.

மணிக்கூட்டைக் குறை சொல்ல ஏலாது. உச்சி வெயிலில் தெரியும் ஆழ்கடலின் நீலத்தில் முகம். மீன் செதில் போலக் கோத்த உருக்குப் பட்டி. முகத்தைச் சுற்றி ஒரு வளையம், திருப்பினால் பல்லி போலச் சத்தமிடும். வேட்டிக்கும் பொருந்தும், காற்சட்டைக்கும் பொருந்தும் என்பார் மாமா. "இதைக் கட்டினா ஆளின்ட நடையே மாறுது" என்றும் சொல்வார். உண்மைதான். இடக்கை ஒரு சாண் முன்னால் போகும், மாமா பின்னால் வருவார். வேலைக்குப் போகும்போது மட்டும் கழற்றி அலுமாரியில் துவாய்க்கு மேல் வைத்துவிடுவார். கடலுக்கென்று செய்த சாமான் கடலைக் காணாமல் வீட்டில் கிடக்கும்.

அவர் அதற்குச் சாவி கொடுத்து நான் கண்டதில்லை. ஒருநாள் கேட்டேன்.

"சாவியோ? இது என்ட நாடியில ஓடுது, மருமோனே. என்ட ரத்தம் ஓடுற வரைக்கும் இதுவும் ஓடும்."

எட்டு வயதில் எனக்குக் கணக்குப் பாடத்தில் மட்டும்தான் சந்தேகம் வரும். மாமா சொன்னதை அப்படியே விழுங்கிவிட்டேன்.

அந்த மாரியில் குச்சவெளிக்கு வெளியே இயந்திரம் நின்றுபோன கப்பல் ஒன்றை இழுத்து வர மாமாவின் படகு போனது. அன்றிரவு திரும்பவில்லை. அடுத்த இரவும் திரும்பவில்லை. வாடைக்காற்று கூரைத் தகரத்தைப் பிடித்து உலுப்பியது. துறைமுக வாசலுக்குப் போய்க் கேட்ட அம்மாவுக்கு, "கடல் கொஞ்சம் மோசம், வருவினம்" என்ற பதில்தான் கிடைத்தது. அப்பாவுக்குக் கந்தளாயில் வேலை. சனிக்கிழமைதான் வருவார்.

அந்த இரண்டாம் இரவு விடிந்த காலை அலுமாரியைத் திறந்தேன். மணிக்கூடு நின்றிருந்தது.

ஒரு மனிதர் செத்துப்போன செய்தி, துறைமுகத்துக்கும் தெரியாமல் அம்மாவுக்கும் தெரியாமல், பல்கூடத் தீட்டாத என்னிடம் வந்து சேர்ந்திருந்தது. மணிக்கூட்டைக் கையில் எடுத்தேன். காதருகே வைத்துக் குலுக்கியதில் சிவப்பு விநாடி முள் ஒருமுறை துள்ளியது. பிறகு ஓடத் தொடங்கியது.

மாமாவுக்கு உயிர் வந்துவிட்டது. எங்கிருந்து வந்தது? என் நாடியிலிருந்து. அப்படியென்றால், நான் கழற்றினால்?

பட்டியை முழங்கைக்கு மேலே ஏற்றிச் சட்டைக் கையால் மறைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். நடந்தால் நாடி மந்தமாகிவிடும் என்று வழி முழுக்க ஓடினேன். வகுப்பிலும் வாங்குப் பலகைக்குக் கீழே கையை ஆட்டியபடி இருந்தேன். ஆட்டினால் ரத்தம் விறுவிறுக்கும் என்பது நானே கண்டுபிடித்த வைத்தியம்.

"என்ன, சட்டைக்குள்ள கட்டெறும்போ?" என்றார் வாத்தியார்.

"இல்லை, சேர்."

"அப்ப ஏன் கோழி மாதிரிச் செட்டை அடிக்கிறாய்? எழும்பிக் கையைக் கட்டிக்கொண்டு நில்."

கையைக் கட்டிக்கொண்டு நிற்பதும் மாமாவின் கழுத்தை நெரிப்பதும் எனக்கு ஒன்றாகவே பட்டது. ஆகவே தோளை ஆட்டினேன். பின்வாங்கிலிருந்து ஒருவன், "சேர், இவன் பறக்கப் போறான்" என்றான். வகுப்பே சிரித்தது. வழி தெரிந்திருந்தால் குச்சவெளிப் பக்கம் பறந்துதான் இருப்பேன்.

வீட்டுக்கு வந்தும் கையை ஆட்டினேன். அம்மா சட்டைக் கையைத் தூக்கிப் பார்த்தார்.

"ஆரைக் கேட்டு எடுத்தனீ?"

"இதைக் கழட்டினா மாமா செத்துப்போவார், அம்மா."

அம்மா என் வாயில் ஒரு தட்டுத் தட்டினார். "வாயைக் கழுவு. அவன் உன்னை நல்லாப் பேய்க்காட்டி ஏமாத்தியிருக்கிறான். அது கை அசையிற அசைவில ஓடுற சாமான். வந்த அண்டைக்கே எனக்குச் சொன்னவன்."

நான் நம்பவில்லை. அழுதேன். கழற்று என்று அம்மாவும் சொல்லவில்லை. "சரி, கட்டிக்கொண்டே படு" என்றார். காலையிலிருந்து செட்டை அடித்த களைப்பு, படுத்ததும் கண் மூடிவிட்டது.

விழித்தபோது பொழுது சாய்ந்திருந்தது. கை வெறுமையாக இருந்தது. குசினிக்கு ஓடினேன். அம்மா திருவலையில் குந்தியிருந்து தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். வலக்கையில், வளையல்களுக்குக் கீழே, மாமாவின் மணிக்கூடு. பக்கத்தில் ஏழெட்டுப் பாதிச் சிரட்டைகள் சுரண்டிக் கிடந்தன. அம்மா அடுத்த தேங்காயை எடுத்து உடைத்தார்.

"ஓடுதோ, அம்மா?"

"ஓம், ஓடுது. நீ போய் முகத்தைக் கழுவு."

விளக்கு ஏற்றிக் கொஞ்ச நேரத்தில் மாமா வந்தார். தாடி வளர்ந்திருந்தது, உடுப்பெல்லாம் உப்பு. வாசலில் நின்றபடியே முதலில் பார்த்தது அம்மாவின் கையைத்தான்.

"என்னக்கா இது, பட்டியெல்லாம் தேங்காய்ப்பூ?"

அம்மா மணிக்கூட்டைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தார். "இனிக் கடலுக்குப் போறதெண்டா இதைக் கட்டிக்கொண்டு போ. வீட்டில வைக்காத." சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார்.

அன்றிரவு புட்டு, சம்பல், சொதி, அதற்கு மேலே பாற்கஞ்சி. மாமா வந்துவிட்ட சந்தோசத்தில் அம்மா விருந்தே வைத்துவிட்டார் என்று எண்ணி, திரும்பத் திரும்ப வாங்கிச் சாப்பிட்டேன். அத்தனை தேங்காயும் மாமா வருமுன்னமே திருவி முடிந்திருந்தது என்பது எனக்குத் தோன்றவே இல்லை.