வடேராவின் பெண்தூது

சபாகியைப் பெண்களுக்கு ஒதுக்கிய இடத்தில் கவுன்சிலர் ஆக்கியதே ஊர்ப் பண்ணையார், வடேரா இம்தாத் அலிதான். சிந்து மாகாணத்தில் பதீன் பக்கம், வாய்க்காலின் கடைமடையில் கிடக்கும் அந்த யூனியனில் படித்த பெண்கள் நாலு பேர் இருந்தார்கள். அவர்களை விட்டுவிட்டு இவளைப் பொறுக்கியதற்கு ஒரே காரணம், வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவள் என்று ஊரே சொன்னதுதான். கூட்டம் வடேராவின் கொட்டகையில் ஆண்களோடு நடந்து முடியும். பிறகு பதிவேடு இவள் வீட்டுக்கு வரும். சாணி தட்டிய கையைக் கழுவிவிட்டு, கட்டைவிரலை மையில் ஒற்றிக் கொடுப்பாள். எட்டு வருஷம் இப்படியே ஓடியது. இதற்குப் பெயரும் அரசியல் வாழ்க்கைதான், சிரிக்காதீர்கள்.

ஒன்பதாம் வருஷம் நெல் நாற்று கருகியது. மேலே வடேரா வாய்க்கால் கரையைக் குடைந்து திருட்டுக் குழாய் பதித்திருந்தார். ஊர் ஆண்கள் பாசன ஆபீசுக்குப் போய்க் கத்தினார்கள். அங்கிருந்த அதிகாரி ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். ‘கடைமடைக்குத் தண்ணீர் தாராளமாக வருகிறது, குறை ஒன்றும் இல்லை’ என்று எழுதி, கீழே கவுன்சிலர்கள் கையெழுத்து. கடைசியில் ஒரு கட்டைவிரல் ரேகை.

சபாகியின் புருஷன் பச்சல் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னான். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. தேர்தல் அறிவிப்பு வந்ததும் பஸ் ஏறிப் போய், சேர்மன் பதவிக்கு, வடேராவுக்கு எதிராகவே மனுத் தாக்கல் செய்துவிட்டு வந்தாள். சுயேச்சை என்பதால் வாளிச் சின்னம்தான் கிடைக்கும் என்று பேச்சு.

டீக்கடையில், வடேராவைச் ‘சாயீன்’ என்று கும்பிடும் அவருடைய ஆட்கள் வம்புக்கு இழுத்தார்கள். “தண்ணியே இல்லாத ஊர்ல வாளி எதுக்கு அக்கா?”

“உங்க சாயீன் ஒளிச்சு வச்சிருக்காரே, அதை மொள்ளத்தான்!”

எட்டு வருஷப் பேச்சை ஒரே மாசத்தில் பேசித் தீர்த்தாள். எருமை தருகிறேன் என்றார் வடேரா. மசியவில்லை. வழக்குப் போடுவேன் என்றார். அதற்கும் மசியவில்லை. மனுவை வாபஸ் வாங்கக் கடைசி நாள் காலையில், யாரும் எதிர்பாராததைச் செய்தார். பெண்தூது அனுப்பினார்.

அவருடைய அக்கா ஜன்னத் பீபி முன்னால் வர, பின்னால் அந்த வீட்டுப் பெண்கள் ஆறு பேர். வீட்டை விட்டு வெளியே கால் வைக்காதவர்கள். பீபி தன் முக்காட்டை எடுத்துச் சபாகியின் காலடியில் போட்டாள். ஊர் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது. பெண்தூது வந்த வாசலில் இல்லை என்ற சொல் கிடையாது. மகனைப் பறிகொடுத்தவன்கூட, கொன்றவன் வீட்டுப் பெண்கள் வந்து நின்றால் கத்தியைக் கீழே போட்டிருக்கிறான்.

“உக்காருங்க அக்கா, டீ போடறேன்” என்றாள் சபாகி.

“கேட்டது கெடைச்சாத்தான் இந்த வீட்டுல பச்சத்தண்ணி. மனுவை வாபஸ் வாங்கிக்க தாயி.”

பச்சல் கிட்டே வந்தான். “முக்காடு மண்ணுல கெடக்குது சபாகி. எடுத்துக் குடுத்துரு. நாத்து போனா போவட்டும், இந்தப் பழி ஏழு தலைமுறைக்கும் போவாது.”

அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. பயத்தோடு பயமாக யோசித்தாள். பெண்தூது யார் அனுப்புவார்கள்? கொன்றவன் அனுப்புவான். களவாண்டவன் அனுப்புவான். மனு வாபஸுக்கு எவன் அனுப்பியிருக்கிறான்? நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மாவா!

குனிந்து முக்காட்டை எடுத்தாள். மண்ணை உதறி, பீபியின் தலையில் மரியாதையாகப் போர்த்தினாள்.

“மன்னிச்சிட்டேன் அக்கா.”

ஊர் மூச்சு விட்டது. “நல்லா இருப்ப. அப்ப வாபஸ்?” என்றாள் பீபி.

“அது எதுக்கு? தப்பு பண்ணின வீட்டுலேருந்துதானே தூது வரும்? எங்க தண்ணியத் திருடினதுக்குச் சாயீன் மன்னிப்புக் கேட்டு அனுப்பியிருக்காரு. மன்னிச்சிட்டேன். வந்த காரியம் முடிஞ்சுது, உக்காந்து டீ குடிங்க.”

கூட்டத்தின் பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மன்னிப்புக்கு வரவில்லை என்று பீபி சொன்னால், முக்காடு வீணாக மண்ணில் விழுந்ததாக ஆகும். ஆமாம் என்றால் தம்பி திருடன். பீபி சபாகியை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தாள். “சக்கரை தூக்கலாப் போடு” என்றாள்.

வாபஸ் நேரம் கடந்தது. தேர்தல் வந்தது. சபாகி நூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் தோற்றாள். தூது போன நாளிலிருந்து ஊர் வாய்க்குப் பயந்து அடைத்து வைத்திருந்த திருட்டுக் குழாயை, வெற்றி வேட்டு ஓய்வதற்குள் வடேரா திறந்துவிட்டார்.

“ஊரறிய மன்னிச்சிட்டியே, இனி எந்த வாயால கேப்ப?” என்றான் பச்சல்.

“திருடின தண்ணிக்குத்தான் மன்னிப்பு. திருடப் போற தண்ணிக்கு யாரு குடுத்தா?”

மறுநாள் காலை மண்வெட்டியோடு கரைக்குப் போனாள். பின்னால் முப்பது நாற்பது பெண்கள் போனார்கள். குழாயடியில் வடேராவின் காவலாட்கள் இரண்டு பேர் துப்பாக்கியோடு எழுந்தார்கள்.

“சுடறதுன்னா சுடுங்கடா. ஆனா ஏன் சுட்டீங்கன்னு ஊரு கேக்கும். ‘சாயீன் எந்தக் குழாய்க்கு மன்னிப்புக் கேட்டாரோ, அதைக் காப்பாத்தச் சுட்டோம்’னு சொல்லணும். சொல்லுவீங்களா?”

ஒருவன் மற்றவனைப் பார்த்தான். சபாகி அவர்கள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. முதல் மண்ணை வெட்டிக் குழாயின் வாயில் போட்டாள்.