என் விரலில் இருந்த களிம்பு

ஆம், நான்தான் செய்தேன். ஜாடிகளைக் கெடுத்தது என் விரல். அந்தப் பழியைக் கூட வேலை பார்த்த அஞ்சலையின் தலையில் போட்டது என் வாய். இதை என் கணவரிடம்கூடச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்... நீங்கள் யாரோ, எந்த ஊரோ! அந்தத் துணிச்சல்தான்.

எனக்குச் சொரியாசிஸ். முழங்கையிலும் முதுகிலும் காசு காசாகச் சிவந்து, செதில் செதிலாக உதிரும். ஒட்டுவாரொட்டி இல்லை என்று டாக்டர் பத்துத் தடவை சொல்லிவிட்டார். அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஊருக்குத் தெரியுமா? 'பெரிய வியாதி' என்று ஒரு வாய் சொன்னால் போதாதா? கல்யாணத்துக்குப் பெண்ணை வைத்துக்கொண்டிருக்கிறேனே!

விருத்தாசலத்தில் ஒரு சின்னப் பீங்கான் பட்டறையில் வேலை பார்க்கிறேன். ஊறுகாய் ஜாடிகளுக்குக் கிளேஸ் என்கிற பளபளப்புப் பூச்சு போடும் வேலை. சூளையில் ஒரு முறை வெந்து வந்த ஜாடியைத் துடைத்து, கிளேஸ் கரைசலில் முக்கி எடுத்து வைக்க வேண்டும். மறுபடி சூளைக்குப் போனால் பளபளவென்று வரும். எங்கள் மேசையில் ஒரே ஒரு சட்டம்தான்: கையில் எண்ணெய்ப் பிசுக்கு கூடாது. பிசுக்குப் பட்ட இடத்தில் கிளேஸ் பிடிக்காது.

டாக்டர் முதல் நாளே கேட்டார். "மூணு வழி இருக்குதும்மா. களிம்பு தடவலாம். இல்ல, வாரத்துக்கு ரெண்டு தடவ புதுச்சேரி போயி லைட்டு வைத்தியம் எடுத்துக்கலாம். மாத்திரையும் இருக்குது, ஆனா மாசாமாசம் ரத்தம் பாக்கணும், ஈரலு கெட்டுடக் கூடாது. ஒங்களுக்கு எது தோதுப்படும்?"

எது நோயைத் தீர்க்கும் என்று நான் யோசித்ததாகவா நினைக்கிறீர்கள்? எது வெளியே தெரியாது என்றுதான் யோசித்தேன்! வாரம் இரண்டு முறை புதுச்சேரி பஸ் ஏறினால் பார்க்கிறவர்கள் எங்கே எங்கே என்று கேட்பார்கள். மாத்திரை என்றாலே ஈரல் பயம். களிம்பே போதும் என்றேன். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார். பட்டறைப் பேரைச் சொன்னால் யார் காதுக்காவது போய்விடுமோ... "வூட்லதாங்க இருக்கேன்" என்றேன். பொய் அங்கே ஆரம்பித்தது.

காலையில் களிம்பைத் தடவி, அதன்மேல் கணவரின் முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு போவேன். பட்டறையில் பெண்கள் எல்லோருமே புடவைக்கு மேல் சட்டை போடுவோம். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆனால் சூளை வெக்கையில் அரிப்பு எடுக்குமே! சட்டைக் கைக்குள் விரலை விட்டுச் சொறிவேன். சேலையில் ஒரு துடை துடைத்துவிட்டு ஜாடியைப் பிடிப்பேன். தெரியாமல் செய்தேனா? முதல் நாள் தெரியாது. மறுநாள் விரலில் பிசுக்கைப் பார்த்துவிட்டேன்... தெரிந்தும் எழுந்து போய்க் கை கழுவவில்லை. அடிக்கடி எழுந்தால் ஏனென்று கேட்பார்களே என்ற பயம்.

சூளை திறந்த அன்று பார்த்தேன். ஜாடிகளில் விரல் பட்ட இடமெல்லாம் கிளேஸ் சுருண்டு ஒதுங்கி, வெறும் மண் தெரிந்தது. ஒரு சூளைச் சரக்கில் பாதி வீண். முதலாளி ஒரு ஜாடியைக் கொண்டுவந்து எங்கள் மேசைமேல் வைத்தார். அந்த மேசைக்கு இரண்டு பேர்தான். நான், எதிரே அஞ்சலை.

"யாரு கையில எண்ணெ?"

அஞ்சலை நல்லூர்ப் பக்கத்துக்காரி. புருஷன் இல்லை, இரண்டு பிள்ளைகள். தலைக்கு வழிய வழியத் தேங்காய் எண்ணெய் வைப்பாள். "செக்குலேர்ந்து நேரா வரியாடி?" என்று நான்தான் கிண்டல் செய்வேன், விழுந்து விழுந்து சிரிப்பாள். ஆனால் மேசைக்கு உட்காரும்முன் சோப்புப் போட்டு இரண்டு முறை கை கழுவுவாள். அதைத் தினமும் பார்த்தவள் நான்.

பார்த்திருந்தும் சொன்னேன். "அஞ்சல தலைக்கு நெறைய எண்ணெ வக்கிதுங்க... முடிய வேற ஒதுக்கிக்கிட்டே இருக்கும்."

அவ்வளவுதான்!

"சத்தியமா நான் இல்லிங்க" என்று அழுதாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "அக்கா, நீ சொல்லுக்கா! நான் கை கழுவுறத நீ பாத்திருக்க இல்ல?"

நான் குனிந்து ஜாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அவளிடம் சொல்லிவிட்டார் முதலாளி. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே... அதைச் செய்தவள் உங்கள் முன்னால் நிற்கிறேன்.

அந்த வாரமே டாக்டரிடம் ஓடினேன். களிம்பு வேண்டாம், மாத்திரை கொடுங்கள் என்றேன். "களிம்புலயே நல்லா கேக்குதேம்மா, ஏன்?" என்றார். பிசுபிசுப்பு பிடிக்கவில்லை என்றேன். "சரி, ஒங்க விருப்பம்" என்று எழுதிக் கொடுத்தார். என் விருப்பமா அது? வாரத்துக்கு ஒரு நாள் விழுங்குகிறேன். விழுங்கிய அன்றெல்லாம் கண் மஞ்சளாகிவிட்டதா என்று கண்ணாடியைப் பார்த்தபடியே இருக்கிறேன். பட்டறையில் முதலாளி பேர் சொல்லிக் கூப்பிட்டாலே விரல்களைச் சேலையில் துடைத்துக்கொள்கிறேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்குமாம். எனக்குக் குறுகுறுக்கவில்லை, பதறுகிறது!

போன சனிக்கிழமை, ரத்தப் பரிசோதனை முடிவைக் கேட்க டாக்டரிடம் போனேன். பேர் கொடுத்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒருத்தி வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா! நீ எங்கக்கா இங்க?"

அஞ்சலை. மகளுக்கு முகத்தில் பரு, மருந்து வாங்க வந்தேன் என்று உளறினேன்.

அவள் இப்போது முந்திரிக்கொட்டை உடைக்கப் போகிறாளாம். ஓட்டின் பால் பட்டுப் பட்டு இரண்டு உள்ளங்கையும் கருத்து, வெந்து, தோல் உரிந்து கிடந்தன.

"அந்த வேலய வுட்டாத்தான் கை தேறும்ங்கிறாரு டாக்டரு. வுட்டுட்டு எத திங்கிறது?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, மொதலாளிகிட்ட எனக்காவ ஒரு வார்த்த சொல்லேன். நான் யோசிச்சுப் பாத்தேன்க்கா... எனக்கே தெரியாம நாந்தான் தலையத் தொட்டிருப்பேன் போல. இல்லன்னா நீ சொல்லுவியா? இப்பல்லாம் எண்ணெயே வக்கிறது இல்லக்கா. தோ, பாரு!"

தலையைக் குனிந்து காட்டினாள். முடி செம்பட்டை பாய்ந்து, காய்ந்து பறந்தது.

ஐயோ! என் பொய்யை அவளே நம்பிவிட்டாள்! மண்ணை வாரித் தூற்றியிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். அந்த நிமிஷமாவது சொல்லியிருக்க வேண்டாமா? தொண்டை வரைக்கும் வந்தது. என் பெண்ணின் முகம் குறுக்கே வந்தது... "சொல்றேன்டி" என்று மட்டும் சொன்னேன்.

அப்போது கதவைத் திறந்துகொண்டு நர்ஸ் வந்தாள். "சரோஜா! ரத்த ரிப்போர்ட்டு வந்துருச்சி, டாக்டரு ஒடனே பாக்கணும்ங்கிறாரு. சரோஜா யாரும்மா?"

அஞ்சலை அந்த வெந்த கையால் என் தோளைத் தொட்டாள். "அக்கா, ஒன்னத்தான் கூப்புடுறாங்க."

"அது வேற சரோஜாடி" என்றேன்.

எழுந்து வெளியே வந்துவிட்டேன். ரிப்போர்ட்டில் என்ன இருக்கிறதோ, உடனே பார்க்க வேண்டும் என்று ஏன் சொன்னாரோ... போய்க் கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் பயம். அஞ்சலை தினமும் சாயங்காலம் போன் செய்கிறாள். "சொன்னியாக்கா?" என்கிறாள். நாளைக்குச் சொல்கிறேன் என்கிறேன். இன்றும் செய்வாள்.