சந்தியாகுவின் குத்து

"லேசாத் தட்டவா?" என்று கேட்டபடி சந்தியாகு தோளிலிருந்த கருவாட்டு மூட்டையை இறக்கி வைத்தார். கேட்கப்பட்டவர் பாம்பன் ஸ்டேஷன் பாயின்ட்ஸ்மேன். கையிலிருந்த பச்சைக் கொடியை நெஞ்சுக்கு நேரே விரித்துப் பிடித்துக்கொண்டு அவர் அடி அடியாகப் பின்வாங்கிப் போய்விட்டார். "எவனும் நிக்க மாட்டேங்கிறான் சார்" என்று சந்தியாகு என் பக்கம் திரும்பினார். நான் தூணுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டேன். அந்த மாதம் முழுவதும் ஊரில் ஒருவரும் அவருக்கு நேரே நின்று பேசவில்லை. பக்கவாட்டில் நின்றுதான் பேசினார்கள்.

ஐம்பதை நெருங்கும் வயது. கொழும்புத் துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போன இடத்தில் குத்துச்சண்டை கற்றவர். ஹெவி வெயிட். ஊர் திரும்பிய பிறகு, அந்த எடைக்கு ஜில்லாவில் இன்னொரு ஆள் அகப்படாததால் பல வருஷம் சும்மாவே இருந்தார். ஆனாலும் கருவாட்டுக் கிட்டங்கித் தராசில் அடிக்கடி ஏறி உட்கார்ந்து எடை பார்த்துக்கொள்வார். இருக்கிற படிக்கல் எல்லாம் தீர்ந்து, மேலே ஒரு கட்டு வாளைக் கருவாடும் வைத்தால்தான் தட்டு சமமாகும்.

கோடையில் ராமநாதபுரத்தில் பள்ளிக்கூடக் கட்டட நிதிக்காக ஒரு போட்டி நடத்தினார்கள். எதிராளியாகத் தொண்டி சுஐபைப் பிடித்து வந்தார்கள். கல்யாண வீடுகளில் நெய்ச்சோறு ஆக்குகிறவர். பினாங்குக் கப்பலில் சமையல் வேலை பார்த்த காலத்தில் கொஞ்ச நாள் கையுறை மாட்டியிருக்கிறார். அதைவிட முக்கியம், எடை சரியாக இருந்தது. முதல் சுற்றிலேயே சந்தியாகு வலது கையால் ஒன்று விட்டார். சுஐபு சாய்ந்தார். பத்து எண்ணியும் எழவில்லை. கைதட்டல் நிற்க வெகுநேரம் ஆயிற்று.

மறுநாள் காலையில் டீக்கடை யேசுதாஸ் டீயை ஆற்றிக்கொண்டே, "குத்து பட்டு விழுந்தானா, காத்து பட்டு விழுந்தானா?" என்று கேட்டுவிட்டார். சிரிப்புக்காகக் கேட்டதுதான். ஆனால் சந்தியாகு டீயைக் குடிக்காமல் எழுந்து போனார். போதாததற்கு, மதுரையிலிருந்து அடுத்த போட்டிக்கு அழைப்பு வந்திருந்தது. அங்கே எதிராளி போலீஸ்காரர், இருபத்தைந்து வயது. "குத்து செத்துப் போச்சுன்னா, நான் அங்கன போயிச் சாகவா?" என்று என்னிடம் கேட்டார். அவர் மனைவி யாகப்பம்மாளுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. "செத்துத்தான் போச்சு. தேங்கா உரிச்சுத் தாங்கன்னா கை வலிக்குதுங்கிறாரு" என்றார்.

தட்டிச் சோதித்துப் பார்க்க ஊரில் ஒருவரும் நிற்காததால், கடைசியில், குத்து வாங்கினவரிடமே கேட்டுவிடுவது என்று கிளம்பினார். துணைக்கு நான். ராமநாதபுரம் வரை ரயில், அங்கிருந்து தொண்டி பஸ். இரண்டு பேர் இடத்தை ஒருவரே அடைத்துக்கொண்டதற்காகக் கண்டக்டர் முணுமுணுத்தார். சந்தியாகு அவரை ஆவலோடு ஏற இறங்கப் பார்த்தார். நான் அவசரமாக நடுவில் எழுந்து நின்றேன்.

சுஐபு வாசலிலேயே கட்டிப்பிடித்து வரவேற்றார். எதுவானாலும் சாப்பாட்டுக்குப் பிறகுதான் என்றார். நெய்ச்சோறும் ஆட்டுக்கறியும் குவித்த ஒரே பெரிய தட்டைச் சுற்றி மூவரும் உட்கார்ந்தோம். சந்தியாகுவால் பொறுக்க முடியவில்லை. ஒரு கவளத்தோடு கேட்டுவிட்டார்.

"தம்பி, மறைக்காமச் சொல்லு. அன்னைக்கு எங்குத்துலதான் விழுந்தியா?"

சுஐபு சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். "கீழ விரிச்ச படுதா மடங்கிக் கெடந்துச்சுண்ணே. கால் தட்டிருச்சு."

"அல்லா மேல ஆணையாச் சொல்லு."

"சோத்துல கைய வச்சுக்கிட்டு ஆணையெல்லாம் எதுக்குண்ணே? சாப்பிடுங்க."

சந்தியாகுவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. அத்தனை பெரிய உடம்பு உட்கார்ந்த இடத்தில் சுருங்கியதை அன்றுதான் பார்த்தேன். "அப்ப மதுரைக்கு வரலைன்னு சொல்லிர வேண்டியதுதான்" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

கதவுத் திரைக்குப் பின்னாலிருந்து சுஐபின் மனைவி தாஜுன்னிசாவின் குரல் வந்தது.

"படுதா தட்டுனா காலுல்ல வலிக்கணும்? தாடையில எதுக்கு நான் தெனம் ஒத்தடம் போடுறேன்?"

"ஏ, நீ சும்மா கெட."

"எதுக்குச் சும்மா கெடக்கணும்? ஊருக்கெல்லாம் கறி ஆக்கிப் போடுறாரு, வீட்டுக்கு வந்து கஞ்சி குடிக்கிறாரு. இன்னும் ஒரு துண்டு கறி மெல்ல ஏலல. இந்தா, இப்பவும் வெறுஞ் சோத்தத்தான் முழுங்குறாரு, நீங்களே பாருங்கண்ணே!"

பார்த்தோம். சுஐபின் பக்கத்தில் கறி அப்படியே இருந்தது. அவர் காது மடல் சிவந்து, தலை இன்னும் கீழே போயிற்று.

சந்தியாகுவின் முகம் விளக்கேற்றியதுபோல் ஆயிற்று. என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். குனிந்திருந்த சுஐபின் தலை கண்ணில் பட்டதும் மூடிக்கொண்டார். பிறகு தட்டின் நடுவிலிருந்து ஒரு பெரிய கறித்துண்டை எடுத்து, எலும்பைக் களைந்து, நார் நாராகப் பிய்த்து, சோற்றோடு மையாகப் பிசைந்து, சத்தமில்லாமல் சுஐபின் பக்கம் நகர்த்தி வைத்தார்.